பரணியில் கிடந்த முத்து

வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. கான்ஸ்டபிள் பீங்கான் ஊறுகாய்ப் பரணிக்குள் அகப்பையை விட்டுத் துழாவினார். எலுமிச்சைத் துண்டுகளோடு சுண்டைக்காய் பருமனில் ஒரு முத்து ஏறி வந்தது.

"இதான்! எங்க கடை முத்து இதான்!" என்று கத்தினார் முத்துக் கடையிலிருந்து வந்திருந்த வன்னியபெருமாள்.

வீட்டுக்காரர் சிலுவை அசையாமல் நின்றார். முத்து வியாபாரி நல்லக்கண்ணுவின் கடையில் முத்துக்குத் துளையிடுவது அவர் வேலை. திங்கட்கிழமை அந்தக் கடையில் காணாமல் போன முத்துதான் அவர் வீட்டு ஊறுகாயில் கிடந்தது. சற்று நேரத்தில் அவர் தூத்துக்குடி லாக்கப்பில் இருந்தார். மறுநாள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

பகல் பன்னிரண்டு மணி. சர்க்கிள் இன்ஸ்பெக்டர் சிவனணைந்தபெருமாள் ஸ்டேஷனுக்கு வந்தார். கண்ணாடிக் குப்பியில் இருந்த முத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பால் போல ஒளிர்ந்தது. அவர் முகம் இறுகியது.

"சோதனையை எப்படி நடத்தினீரு?"

சப்-இன்ஸ்பெக்டர் இசக்கியப்பன் நிமிர்ந்து நின்றார். "சட்டப்படி, சார். தெருவுல மதிப்பான ஆளுக ரெண்டு பேரு சாட்சி. வீட்டுக்காரரு கூடவே நின்னாரு. உள்ள போறதுக்கு முன்ன நாங்க எல்லாரும் அவரு கண்ணு முன்னால எங்களைச் சோதிக்கக் குடுத்தோம். பை, மடி, தலைப்பாகை, செருப்பு, எல்லாத்தையும் உதறிக் காட்டியாச்சு."

"வன்னியபெருமாள்?"

"முத்தை அடையாளம் காட்ட முதலாளி அனுப்புன ஆளு. அவரும் மடியை உதறினாரு. டெல்லியில எழுதுத புது அரசியல் சட்டத்துல, போலீசு வீட்டுக்குள்ள நுழையுறதுக்கே கட்டு போடணும்னு பேசுதாவளாம். பழைய சட்டத்தையாவது ஒழுங்கா செய்வோம்னுதான்..."

இன்ஸ்பெக்டர் குப்பியை மேசையில் வைத்தார். வெளியிலிருந்து முத்து உள்ளே போயிருந்தால் முதல் சந்தேகம் காக்கிச் சட்டை மீதுதான் விழும். இன்ஸ்பெக்டருக்கும் தம் ஆட்கள் மீதுதான் விழுந்திருந்தது.

பிற்பகல் இரண்டு மணி. முத்துக் கடை.

"திங்கட்கிழமை இங்கே யார் யார் இருந்தாங்க?"

"சிலுவை இருந்தான். முத்துச் சலிக்கித ரெண்டு பேரு. கல்லாவுல என் மச்சினன் வன்னியபெருமாள்" என்றார் நல்லக்கண்ணு. "போன மாசந்தான் ஆத்தங்கரைக் கிராமத்துலருந்து வந்தான். வயக்காட்டு ஆளு. வாய் மட்டும் மூடாது."

"சாயங்காலம் போறவங்களைச் சோதிப்பீங்களா?"

"பின்ன? முத்துக் கடைல்லா! வாயைத் தொறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டிட்டுத்தான் வேலைக்காரன் படியிறங்கணும். முத்துக்குளிப்புக் காலத்துலருந்து அதான் வழக்கம்."

"சிலுவை காட்டினாரா?"

"நானே பார்த்தேன்."

"அப்போ முத்து எப்படி வெளியே போச்சு?"

நல்லக்கண்ணு மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார். "திருடுதவனுக்கு வழியா தெரியாது?"

மாலை நான்கு மணி. சிலுவையின் மனைவி சலேத்தம்மாள் கண்ணைத் துடைக்காமலே பேசினார்.

"நாளைக்குக் கோர்ட்டுல நிப்பாட்டிட்டா, அவரு கையில இனி எவன் ஐயா முத்தைக் குடுப்பான்? உங்க ஆளுகதான் கொண்டாந்து போட்டிருக்கணும்."

"போடுறதைப் பார்த்தீங்களா?"

"எங்க பார்த்தேன்? பானை சட்டியெல்லாம் உருட்டிப் போட்டாவ. முதலாளி மச்சினன் ஒருத்தருதான் ஊமை மாதிரி நின்னாரு. பரணி மூடியைத் தொறந்ததும் வாயைப் பொத்திக்கிட்டு இருமினாரு. மொளகாய் நெடின்னு நெனச்சேன்."

எதிர்ச் சாரியில் மளிகைக் கடை வைத்திருக்கும் நயினார் சாட்சிகளில் ஒருவர்.

"அண்ணாச்சி, சோதனைக்கு முன்னால என்ன நடந்தது?"

"என்ன நடக்கும்? எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி குடுத்தேன். வன்னியபெருமாள் மட்டும் வேண்டாம்னு தலையாட்டிட்டாரு. சோதனை முடிஞ்ச பொறவு ரெண்டு தம்ளரு வாங்கி ஊத்திக்கிட்டாரு. அதுக்கப்புறம் அவரு பேச்சை நிப்பாட்ட முடியலியே!"

இன்ஸ்பெக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். ஊறுகாய்ப் பரணியைத் தூக்கிவரச் சொன்னார். நல்லக்கண்ணுவிடம் விலை போகாத சிறு முத்து ஒன்றை வாங்கி, அதற்குள் போட்டு மூடிச் சீல் வைத்தார்.

வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி. ஸ்டேஷனில் எல்லோரும் கூடியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் சீலை உடைத்தார். அகப்பையில் வந்த சிறு முத்தைக் கழுவி, பெரிய முத்தின் பக்கத்தில் வைத்தார். நேற்று பளபளத்த சிறு முத்து இப்போது சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்துச் சொரசொரப்பாகக் கிடந்தது.

"முத்தும் ஒரு வகைச் சுண்ணாம்புதான். புளிப்பு அதை அரிச்சிடும். ஒரே ராத்திரியில இது இப்படி ஆயிருக்கு. திங்கட்கிழமையிலிருந்து பரணியில கிடந்ததா நாம நெனச்ச முத்து நிலா மாதிரி இருக்கு. அது சில நிமிஷத்துக்கு மேல அங்கே இருந்திருக்காது. சோதனை நடக்கும்போது போட்டது."

"எங்களைத்தான் சோதிச்சாவளே, சார்!" என்றார் இசக்கியப்பன்.

"ஒரு இடத்தை விட்டுட்டீரு. முத்துக் கடையில முதல்ல பார்க்கிற இடம்."

நல்லக்கண்ணுவின் கை தானாக வாய்க்குப் போனது.

"முத்தை வாயில அடக்கினவன் பேச முடியாது. காப்பி குடிக்க முடியாது. இருமுறது மாதிரி கையில துப்பி, பரணியில போடலாம். ஆனா முத்தோட பழகினவன் எவனும் அதை எலுமிச்சையில போடமாட்டான். சிலுவை கனவுலகூடச் செய்யமாட்டாரு. வயக்காட்டை மட்டும் அறிஞ்சவர்தான் செய்வாரு." இன்ஸ்பெக்டர் வன்னியபெருமாளைக் காட்டினார். "திங்கட்கிழமை சாயங்காலம் இவர் வாயைப் பார்த்தீங்களா, நல்லக்கண்ணு?"

"அவன்... வீட்டு ஆளுல்லா."

வன்னியபெருமாள் மறுபடியும் ஊமையாக நின்றார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: "ஊரே தேடுத முத்தை எங்க போயி விக்க? அடுத்தது நான் இருக்க அக்கா வீட்டைத்தான் சோதிப்பாவன்னு சொன்னாவ. அதான் சிலுவை தலையில போட்டுட்டேன்."

லாக்கப்புக் கதவு திறந்தது. சிலுவை வெளியே வந்தார். நல்லக்கண்ணு அவர் முகத்தைப் பார்க்காமல், "மத்தியானம் கடைக்கு வந்துரு, சிலுவை" என்றார்.

"வாரேன், முதலாளி. சாயங்காலம் படியிறங்கையில யாரு யாரு வாயைத் தொறக்கணும்?"

நல்லக்கண்ணு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் உதவிக்கு வரவில்லை.

"எல்லாரும்" என்றார் நல்லக்கண்ணு. சிலுவை இன்னும் நகராமல் நிற்பதைப் பார்த்து, "நானுந்தான்" என்றார்.