காயாத சந்தனம்

ஒரு வாரம் கழிந்தும் சின்னசாமியின் மொட்டைத் தலையில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சந்தனம் காயவில்லை.

மாந்தோப்பு மறுபடி காய்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பங்குனியில் திருத்தணி மலைக்குப் போய் முடி இறக்கிவிட்டு வந்தவர் அவர். அந்த வருஷத்து வெயிலில் படிக்கட்டில் வைத்த தேங்காய்க்குள் தண்ணீர் கொதித்தது. அப்பேர்ப்பட்ட வெயிலில் தலையில் அப்பிய சந்தனம் வீடு வந்து சேர்வதற்குள் வெடித்துப் பொரிப்பொரியாக உதிர்ந்தாக வேண்டும். உதிர்ந்தது. ஆனால் உச்சிக்குச் சற்றுப் பின்னால், உளுந்தளவு ஒரு பொட்டு மட்டும் ஈரமாக மினுங்கிக்கொண்டே இருந்தது. அவர் மனைவி எல்லம்மாள் விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலை எடுத்தபோது பிசின் நூலாகக் கூடவே வந்தது. கையை முழ நீளம் இழுத்தும் அறுபடவில்லை.

“தொடாதடி. சாமி சந்தனம். அதுவா உதிரணும்,” என்றார் சின்னசாமி.

“சந்தனம் நூல் வுடுமா பாவா?”

“மலை மேல அரைச்சது, அப்டித்தான் கீது. நீ இன்னாத்த கண்ட?”

அந்தப் பிசினை எல்லம்மாள் கண்டிருந்தாள். அவளைப்போலக் கண்டவர் இந்தப் பக்கம் திருவாலங்காடு வரைக்கும் இல்லை, அந்தப் பக்கம் திருப்பதி வரைக்கும் இல்லை. தோப்புக்குப் பின்னாலிருந்த குன்று முழுக்கப் புல்லும் பாறையும். புல்லுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனி மரங்கள். ஒவ்வொரு மரத்தின் தலையிலும் இன்னொரு மரம் ஏறி உட்கார்ந்திருக்கும். தடித்த சாம்பல் பச்சை இலை, குழல் குழலாகச் செம்மஞ்சள் பூ, அதற்குப் பின் இளஞ்சிவப்புப் பழம். அதுதான் புல்லுருவி. கட்டைவிரல் பருமன்கூட இல்லாத சாம்பல் குருவி ஒன்று அந்தப் பழத்தைத் தின்னும். விதை பிசினோடு பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும். வேறொரு மரத்துக்குப் பறந்து போய், கிளையில் குறுக்கே உட்கார்ந்து, பின்பக்கத்தை அழுத்தித் தேய்த்துவிட்டுப் போய்விடும். வெட்டவெளியில் நிற்கிற ஒற்றை மரம் என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

அப்படித்தான் மரம் மரமாக இறங்கி வந்து தோப்பைப் பிடித்தது. பக்கத்துத் தோப்புக்காரன் சக்திவேல் எல்லாவற்றையும் முருகன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டான். எல்லம்மாள் விடவில்லை. தொரட்டிக்கோலைத் தூக்கிக்கொண்டு அவள் தோப்புக்குள் இறங்கினால் காற்றுகூட ஓரமாக ஒதுங்கி நிற்கும். “எந்தப் பூமியிலயும் காலை ஊனாம எம் மரத்து ரத்தத்தக் குடிக்கிறியா?” என்று அவள் போடுகிற சத்தத்தில் ஆர்.கே.பேட்டைத் தறிகளில் நூல் அறுந்ததாகப் பேச்சு.

“குருவி மேல ஒரு கேஸ் போடேன்க்கா,” என்பான் சக்திவேல்.

“முதல்ல உம்மேலதான்டா போடணும்.”

ஆனால் மரத்துப் பிசின் மனுஷன் தலைக்கு எப்படி வரும்? மலையிலிருந்து வந்த அன்று மத்தியானம் அவர் களத்துமேட்டில், நிழல்கூட இல்லாத இடத்தில், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தூங்கிப்போனது அவள் நினைவுக்கு வந்தது. பளபளவென்று மொட்டை. சுற்றிலும் வெட்டவெளி. அந்த நினைப்பைத் துடைப்பத்தால் பெருக்குவதுபோல் பெருக்கித் தள்ளினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

பொட்டிலிருந்து பச்சையாக ஒன்று எழும்பியிருந்தது. தீக்குச்சி பருமன். நுனியில் சின்னதாக ஒரு வட்டம், பல்லியின் விரல் நுனி மாதிரி. மேலே வளரவில்லை. வளைந்து, குனிந்து, எதையோ தேடுவதுபோலத் தோலைத் தடவித் தடவிப் பார்த்து, காதுக்கு மேலே ஓரிடத்தில் அந்த வட்டத்தைப் பதித்து அழுத்திக்கொண்டிருந்தது.

“பாவா. வலிக்கலியா?”

“இன்னாத்துக்கு வலிக்கும்? முடி மொளைக்குது. குடுத்தத முருகன் திருப்பிக் குடுக்குறாரு,” என்று சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு குடம் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் இடுக்கியால் அதைப் பிடித்து லேசாக இழுத்தார். சின்னசாமியின் இடது கால் கட்டைவிரல் மடங்கியது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். முழங்கால் தானாக எழும்பியது. டாக்டர் இடுக்கியைத் தட்டில் வைத்தார். சென்னைக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னார், கண்ணைப் பார்க்காமல்.

சின்னசாமி ரயில் ஏற மறுத்துவிட்டார். “அங்க இன்னா பண்ணுவான்? கெளையோட வெட்டணும்னுவான்.”

சென்னையில் வேலை பார்க்கும் மகள் மோனிஷாவுக்குப் படம் எடுத்து அனுப்பினாள் எல்லம்மாள். அதற்குள் நாலு இலை விட்டிருந்தது. கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ‘நைனா சூப்பர். எந்த ஆப்ல பண்ணீங்க?’ எல்லம்மாள் போன் பண்ணி அழுதாள். ஏப்ரல் மாசம் ஏமாத்துறீங்களாம்மா என்று மகள் கேட்டாள்.

அப்புறம் எல்லம்மாள் யாரையும் கேட்கவில்லை. என் மரம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இடுப்பில் முந்தானையைச் செருகினாள். விடிந்ததும் கத்தரிக்கோலோடு உட்காருவாள். ஒன்றை நறுக்கினால் மறுநாள் காலையில் இரண்டு நிற்கும். இரண்டை நறுக்கினால் ஏழு. நறுக்கின இடத்தில் பால் வடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பால் வடியவில்லை. சூடாக, சிவப்பாக, அவர் நெற்றியில் இறங்கியது.

வெறும் புல்லுருவியை மட்டும் வெட்டிப் பிரயோஜனமில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? ஒட்டின இடத்திலிருந்து ஒரு சாண் கீழே அளந்து, கிளையோடு வெட்டினால்தான் வேர் போகும். கையாலேயே அளந்தாள். கட்டைவிரலை உச்சியில் வைத்து, சுண்டுவிரலை நீட்டினாள்.

சாண் முடிந்த இடம் பிடரி.

“வெட்டிடு எல்லம்மா. தோப்புக்கு நீ அதானே பண்ணுவ?” என்றார் அவர். கண் தாழ்ந்திருந்தது. குரல் அமைதியாக இருந்தது, அவர் குரலாகவே இருந்தது.

“தோப்பு எக்கேடு கெட்டாலும் போவுது. உன்ன வுட்டுக்குடுக்க மாட்டேன். அதுவா நானான்னு பார்த்துடறேன்.” சொல்லிவிட்டு அரிவாளைக் கிணற்றுக்குள் வீசினாள். விழுந்த சத்தம் வர வெகுநேரம் ஆயிற்று.

ஆனி பிறந்தபோது அவர் வீட்டுக்குள் உட்காருவதையே விட்டுவிட்டார். பொழுது விடிந்தால் களத்துமேட்டில், பம்புசெட் வாய்க்காலில் பாதத்தை ஊன்றி, குன்றைப் பார்த்து நின்றார். தலையைச் சுற்றி இரண்டு கை அகலத்துக்குப் புதர். கன்னம் உள்ளே போய், விரல்கள் சுள்ளியாகி, விலா எலும்பு ஒவ்வொன்றாக வெளியே வர வர, தலைக்கு மேலே இலை மட்டும் தளதளவென்று கொழுத்தது. காற்றில்லாத மத்தியானங்களில் கிட்டே போனால் தோலுக்கு அடியில் மெல்லிய ஓசை கேட்கும். உறிஞ்சுகிற ஓசை. தேன் வாசனை. அதற்குக் கீழே ஈர மண்ணின் வாசனை. அதற்கும் கீழே, நாற்பது வருஷமாக அவளுக்குத் தெரிந்த அவருடைய வியர்வை வாசனை, நாளுக்கு நாள் குறைந்துகொண்டே.

பூ விட்டது. பிறகு காய்.

எல்லம்மாள் கொசுவலையை எடுத்து வந்து அவர் தலை முதல் இடுப்பு வரை மூடி, கயிற்றால் கட்டினாள். பழுக்கட்டும், பழுத்து உள்ளேயே அழுகட்டும். ஒரு குருவி, ஒரே ஒரு குருவி தொடக்கூடாது. தொரட்டிக்கோலோடு பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அங்கேயே சாப்பிட்டாள், அங்கேயே தூங்கினாள். குருவிகள் வந்தன. மாமரங்களில் வரிசையாக உட்கார்ந்து, சிக் சிக்கென்று, வலையையே பார்த்தன. நூறு இருக்கும். மறுநாள் பார்த்தால் கிளை தெரியவில்லை.

“எத்தினி பேர் வேணா வாங்கடி,” என்றாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. தோப்பை ஒட்டிய ரோடு நெடுகக் காவடியும் பம்பையும் அரோகராவும். பம்பைச் சத்தத்தில் ஒரு நிமிஷம் அவள் முகத்தைத் திருப்பினாள், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது சின்னசாமியின் கை மேலே எழும்பியிருந்தது. சுள்ளி விரல்கள் முடிச்சைத் தேடித் தேடி அவிழ்த்துக்கொண்டிருந்தன.

“பாவா! இன்னா பண்ற?”

“பழுத்துடுச்சு,” என்றார். உதடு அசையவில்லை. “குடுக்கணும்ல.”

வலை நழுவியது.

குருவிகள் சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாம்பல் போர்வை ஒன்று இறங்கி அவர் தலையை மூடியது, எழும்பியது. கிளைகளில் பழம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரே திசையில் பறந்தன.

தோப்புக்கல்ல. குன்றுக்கல்ல. ரோட்டுக்கு.

எல்லம்மாள் தொரட்டிக்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வேலியைத் தாண்டி ரோட்டில் ஏறியதும் கால் நின்றுபோனது.

மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். கண்ணுக்கு எட்டின வரை மொட்டை. ஆண், பெண், கிழவர், கைக்குழந்தை. ஆயிரம், பத்தாயிரம், லட்சம். இப்போதுதான் மழித்து, இப்போதுதான் பூசி, வெயிலில் மஞ்சளாக மினுங்கும் மொட்டை. வெட்டவெளியில். ஒவ்வொன்றும் தனியாக.

“தலைய மூடுங்க! துண்டு போடுங்கய்யா! தலைய மூடுங்க!”

அரோகரா என்றது கூட்டம். யாரோ அவளுக்குச் சாமி வந்துவிட்டது என்று வழிவிட்டுக் கும்பிட்டார்கள். அவள் கோலைச் சுழற்றினாள். ஒரு குருவி விழுந்தது. இன்னொன்று விழுந்தது. கை ஓயவில்லை. வாடி. வாடி. நான் இருக்கிற வரைக்கும். இன்னொன்று.

“இன்னாக்கா, கேஸ் தோத்துப்போச்சா? குருவிய அடிச்சிகினு கீற?”

சக்திவேல். புது மொட்டை. தோளில் அவன் பேத்தி அபி, அவளுக்கும் புது மொட்டை, தலை முழுக்கச் சந்தனம். எல்லம்மாள் வாயைத் திறப்பதற்குள் அது வந்து உட்கார்ந்தது. அபியின் உச்சந்தலையில். குறுக்காகத் திரும்பியது. பின்பக்கத்தை அழுத்தித் தேய்த்தது. பறந்தது. குழந்தைக்குக் கூச்சம். கெக்கெக்கே என்று சிரித்தது.

எல்லம்மாள் பாய்ந்து அந்தப் பொட்டில் விரலை வைத்தாள். சக்திவேல் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினான்.

“தொடாதக்கா. சாமி சந்தனம். அதுவா உதிரணும்.”

கூட்டம் அவனை முன்னே தள்ளிக்கொண்டு போனது. அவள் விரலிலிருந்து குழந்தையின் தலைக்கு ஒரு நூல். முழம் நீண்டது. இரண்டு கை விரித்த பாகம் நீண்டது. அவள் விரலை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலை ரோட்டில் ஊன்றி, இழுத்தாள். விடமாட்டேன். நூல் மொட்டைத் தலைகளுக்கு மேலே வெயிலில் மின்னியபடி நீண்டுகொண்டே போனது. அறுபடவில்லை.