உள்ளே பார்த்த பன்னிரண்டு முகங்கள்

ஏழாவது முகத்தில் ஒரு பல் தெரிந்தது.

தாட்சாயணி அந்த முகத்துக்குப் பல் வைக்கவில்லை. அது எதிர்வீட்டு சுலோசனாவின் முகம். மூடிய உதடுகள். இடது ஓரம் மட்டும் ஒரு நூல் அளவு மேலே ஏறியிருக்கும். அந்த ஒரு நூல் அளவுக்காக மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். இப்போது உதடுகளுக்கு நடுவே அரிசிமணி போல வெள்ளையாக ஒன்று.

காகிதக் கூழ் காயும்போது சுருங்கும். சுருங்கினால் விரிசல் விடும். விரிசலுக்குள் வர்ணம் படாத கூழ் வெளுத்துத் தெரியும். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். விரிசல் என்றால் பிசிறு இருக்கும். இது வழவழப்பாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது.

வெளியே ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டும் நீர், பழைய செய்தித்தாளையும் வெந்தயத்தையும் சேர்த்து அரைத்த கூழின் கசப்பு வாசம், மிஞ்சிய ஒரே தறிக்கு அவள் அப்பா, நைனா, காலையில் விட்ட எண்ணெயின் வாசம், எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று மாதமாகச் சுண்ணாம்பு அடித்தும் போகாத கருகல் வாசம். ஆந்திர எல்லையில் இருக்கும் இந்த நகரி ஊரில் எந்தத் தறிக்கொட்டகையிலும் சத்தம் இருக்கும். இங்கே இல்லை. அதனால் சொட்டுகளை எண்ண முடிந்தது.

ஆடிக் கடைசியில் தீப்பிடித்தது. நான்கு தறிகளில் மூன்று போயின. நைனா எத்திராஜின் வலது கையில் இரண்டு விரல்கள் இனி மடங்காது. நஷ்டத்துக்குப் போட்டோ வேண்டும் என்று கிராம அதிகாரி விஆர்ஓ போனில் சொன்னதால், புகை அடங்கும் முன்பே தாட்சாயணி செல்போனில் பத்தொன்பது படங்கள் எடுத்தாள். திருப்பதியில் ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகுதான் அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே தெருக்காரர்கள் பன்னிரண்டு பேர். கன்னத்தில் கை. நெற்றியில் சுருக்கம். வாயின் ஓரத்தில் மட்டும் வேறொன்று.

அவள் டிசைன் படிப்பில் கடைசி வருஷம். ஆளுக்கொரு உணர்ச்சியை எடுத்துக்கொண்டு இறுதி வேலை செய்ய வேண்டும். மற்றவர்கள் காதல், காத்திருப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள், 'அடுத்தவர் கஷ்டத்தில் வரும் சந்தோஷம்' என்று எழுதினாள்.

"பாகுந்தி," என்று தெலுங்கில் பாராட்டினார் சார். "ஆனா யாரோட முகம்னு தெரியக் கூடாதும்மா."

"தெரியணும் சார்," என்றாள்.

புதுவீட்டு வாசலில் நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்கும் திருஷ்டி பொம்மைக்குப் பதில் இந்தப் பன்னிரண்டு முகங்கள். திங்கட்கிழமை திருப்பதியில் கண்காட்சி. அதற்கு முன்பு ஊரில் இரண்டு நாள் மாட்டிப் பார்க்க நினைத்தாள். காம்பவுண்டுச் சுவரில், தெருவைப் பார்த்து.

முதல் நாளே சுலோசனா வந்து நின்றாள்.

"இன்னாடி இது, எங்க மூஞ்சியெல்லாம் வரிசையா தொங்க வுட்டுக்கினு கீற?"

"உங்க மூஞ்சின்னு யாரு சொன்னது அத்த?"

"பாத்தா தெரியாதா? எனக்கு இவ்ளோ பெரிய மூக்கா?"

"அப்ப அது நீங்க இல்ல. போங்க."

நூல்கடை வேதாச்சலம் துண்டை உதறித் தோளில் போட்டார். "பாவம்னு ஓடி வந்தோம் பாரு. எங்கள செருப்பால அடிக்கணும்."

"ஓடித்தான் வந்தீங்க மாமா. ஒரு கொடம் தண்ணி யாரு எடுத்துக்கினு வந்தீங்க?"

இதைத் தாட்சாயணி பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தாள். ஒருவர்கூடக் கோபப்படவில்லை. முகங்களை நெருங்கி வந்து, கண்ணாடி பார்ப்பது போல நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் நாள் மழை. முகங்களைக் கழற்றிக் கொட்டகைக்குள் கொண்டுவந்தாள். சுவரில் ஆணிகள் வரிசையாக இருந்தன. தறியைப் பார்த்தபடி மாட்டினாள்.

அம்மா வள்ளி வாசலிலேயே நின்றுவிட்டாள். "திஷ்டி பொம்ம தெருவத்தான் பாக்கணும். ஊட்டு உள்ள பாத்து யாராவது மாட்டுவாங்களா?"

"வெறும் கூழும் பெயிண்டும்மா."

"மூஞ்சின்னு ஒண்ணு வெச்சுட்டா அது எதையாவது பாக்குமில்ல?"

அது நேற்று. இன்று, வியாழக்கிழமை காலை, பல்.

அதை மூட உதட்டு வர்ணம் எடுக்க அறைக்குப் போய்த் திரும்பினாள். பத்தாவது முகத்திலும் இப்போது இரண்டு பற்கள். அது வேதாச்சலம். பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கொல்லையில் அம்மா அலறினாள்.

பாசியில் வழுக்கியிருந்தாள். மணிக்கட்டு உடைந்திருந்தது. ஆட்டோ பிடித்து, கட்டுப் போட்டு, வீடு திரும்ப மாலையானது. தாட்சாயணி நேராகக் கொட்டகைக்குப் போனாள். பற்கள் இல்லை. உதடுகள் அவள் செய்தபடியே மூடியிருந்தன. கன்னங்கள் மட்டும் சற்று உப்பியிருந்தன. சாப்பிட்டு முடித்தவர்களைப் போல.

அப்போது அவளுக்கு ஒன்று தெளிவாக விளங்கியது. விழுந்ததைப் பார்த்து அவை சிரிக்கவில்லை. சிரித்த பிறகுதான் அம்மா விழுந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை. பன்னிரண்டு முகங்களிலும் பற்கள்.

பத்து மணிக்கு நைனா தறி ஓட்டுவதாக இருந்தது. தீக்குப் பிறகு முதல் முறை. பாவு நூல் ஏற்றியாகிவிட்டது. லைன்மேன் வந்து வயரிங் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டுப் போனார். மடங்காத விரல்களை விறைப்பாக நீட்டிக்கொண்டு, நைனா தறிக்குக் குனிந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஓடும் தறியிலிருந்து, குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு பாயும் நாடாக் கட்டை தெறித்தால் நெற்றியைப் பிளக்கும். எந்த வீட்டில் பிளந்தது என்று இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

"நாளைக்கு ஓட்டலாம் நைனா."

"மூணு மாசமா நாளைக்குன்னுதான் சொல்லிக்கினு கீறேன்."

"அம்மா கை வேற இப்படி..."

"கைதான ஒடஞ்சுது. காது நல்லாத்தான் கீது. அவளும் கேக்கட்டும், தெருவே கேக்கட்டும்." நைனா நிமிர்ந்து சுவரைக் காட்டினார். "இவங்க பன்னெண்டு பேருக்கும் நல்லா கேக்கட்டும். என் மூஞ்சியும் ஒண்ணு பண்ணி மாட்டு. நான் கூட நல்லா சிரிப்பேன்."

பியூஸைப் பிடுங்கிவிடலாம் என்று நினைத்தாள். பிடுங்கினால் இந்தப் பற்களுக்குப் பயந்து நைனாவின் இந்தக் காலைப்பொழுதை அவளே பறித்ததாகும். மாட்டேன் என்று நினைத்தாள். இவர்களுக்காக மாட்டேன்.

முகங்களை ஒவ்வொன்றாகச் சுவர் பக்கம் திருப்பினாள். இப்போது உள்பக்கம் தெரிந்தது. வர்ணம் இல்லாத சாம்பல் நிறக் குழிவு. எங்கும் அவளுடைய கட்டைவிரல் பதிந்த தடங்கள். குழிந்த முகம் பார்ப்பவர் கண்ணுக்குப் புடைத்த முகமாகத்தான் தெரியும், நாம் நகர்ந்தால் அதுவும் கூடவே திரும்புவது போலத் தோன்றும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும்.

அவள் நகரவில்லை.

முகங்கள் திரும்பின. அவளை நோக்கி அல்ல. தறியை நோக்கி. ஒன்றன் பின் ஒன்றாக.

அதன் பிறகு அவள் யோசிக்கவில்லை. பிடுங்கினாள். சாக்கில் திணித்தாள். மூன்று மாத வேலை. திங்கட்கிழமை கண்காட்சி. போகட்டும். கொல்லையில் பழைய சாயத்தொட்டி மழைநீரால் நிரம்பியிருந்தது. சாக்கைக் கவிழ்த்தாள். இரண்டு கையாலும் அமுக்கினாள். மூக்குகள் கரைந்தன. நெற்றிகள் கரைந்தன. நீர் சாம்பலாகிக் கசப்பு வாசம் எழுந்தது. முழங்கை வரை விட்டுப் பிசைந்தாள். அடியில் அரிசிமணிகள் போல ஏதோ விரல்களில் உருண்டன. கரையவில்லை. நிறைய இருந்தன. எடுத்துப் பார்க்கவில்லை.

"போய்த் துன்னுங்க," என்றாள் தண்ணீரைப் பார்த்து. "எங்க ஊட்ல இனிமே ஒண்ணும் இல்ல."

கைகளை உதறிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். நிம்மதியாகக்கூட இருந்தது.

கேட்டுக்கு வெளியே ஆட்கள் நின்றிருந்தார்கள்.

தூறலில் யாரும் குடை பிடித்திருக்கவில்லை. யாரும் அவர்களைக் கூப்பிடவுமில்லை. பன்னிரண்டு பேர். போட்டோவில் நின்ற அதே வரிசையில். சுலோசனாவின் ஒரு கை ஏற்கெனவே கன்னத்தில் இருந்தது. மறு கையில் பாலிதீன் பை. வேதாச்சலம் துண்டால் வாயைப் பொத்தியிருந்தார்.

"இன்னா வேணும்?"

"இன்னா ஆச்சுடி?" சுலோசனாவின் குரல் அழுகைக்குத் தயாராக இருந்தது.

"ஒண்ணும் ஆவல."

"அய்யோ பாவம்," என்றார் வேதாச்சலம்.

"ஒண்ணும் ஆவலன்னு சொல்றேன் இல்ல? போங்க."

கொட்டகையில் மோட்டார் உறுமியது. தறி பிடித்துக்கொண்டது. டக்கடக், டக்கடக். மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்கும் சத்தம். சமையலறையில் அம்மா பெருமாளே என்று சாமியைக் கூப்பிடுவது கேட்டது. தாட்சாயணி தாழ்ப்பாளைப் போட்டாள். இரண்டு கைகளாலும் கேட்டைப் பிடித்துக்கொண்டு தலை நிமிர்ந்து நின்றாள்.

"கேக்குதா? எங்க நைனா ஓட்றாரு. நல்லா கேளுங்க."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார்கள். பன்னிரண்டு பேரும். கண் இமைக்கவில்லை. மழைநீர் அவர்கள் கண்களுக்குள் விழுந்தது. அப்போதும் இமைக்கவில்லை.

டக்கடக். டக்கடக்.

ஓடிப்போய் நைனாவைத் தறியிலிருந்து இழுக்கலாம். இழுக்கப் போய் அவர் தடுமாறினால்? இவர்கள் அதற்குத்தான் வந்திருக்கிறார்களோ?

திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் பயம் முகத்தில் வரும். அதைக் கொடுக்க மாட்டாள்.

டக்கடக்.

வேதாச்சலம் வாயிலிருந்து துண்டை எடுத்தார்.

டக்.

தறி ஓய்ந்து நிற்கவில்லை. அறுந்ததுபோல் நின்றது.

"நைனா?" என்றாள் தாட்சாயணி, திரும்பாமல்.

கொட்டகையிலிருந்து பதில் இல்லை. சமையலறையில் அம்மாவின் குரலும் நின்றிருந்தது. கூரை சொட்டிக்கொண்டிருந்தது. கேட்டுக் கம்பிகளை அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். முகத்தை அசைக்கவில்லை. ஒரு தசையைக்கூட.

சுலோசனா பாலிதீன் பையை மெல்லப் பிரித்தாள். உள்ளே, சாவு வீட்டுக்கு எடுத்துப்போகும் ஈர ரோஜா மாலை. அதை வெளியே எடுத்து, இரண்டு கைகளாலும் கேட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்து, நைனாவின் தோள் அகலத்துக்குச் சரியாக விரித்தாள்.