போன நாற்காலியும் வந்த நாற்காலியும்

"இன்னொரு தடவை உன்னால ஒரு வம்பு வந்துச்சு... உன்னை ஊருக்கே வண்டி ஏத்திருவேன், சொல்லிட்டேன்!"

காலை ஏழு மணிக்கே கத்திவிட்டு, கணவன் சட்டைப் பொத்தானை மாட்டினான். எல்லாம் ஒரு நாற்காலியால் வந்த வினை. போன வாரம் கதவைத் தட்டிய இரண்டு ஆட்கள் அவன் மனைவியிடம் ஏதோ கேட்டார்கள். இந்த நகரத்து மொழியில் அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. யார் எது கேட்டாலும் சிரித்துத் தலையாட்டு என்று சொல்லிக் கொடுத்த மகாராசனே அவன்தான்! அவளும் ஆட்டினாள். வாசலோரம் கிடந்த மாமியாரின் நாற்காலியைப் பழைய சாமான் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"நான் உக்கார இருந்தது அது ஒண்ணு. அதையும் தலையாட்டி அனுப்பிட்டா ஊமைக்கோட்டான்! டேய், ஒண்ணு இவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!" என்று மாமியார் கட்டிலிலிருந்து பொரிந்து தள்ளினாள். கிழவிக்கு இழுப்பு நோய், முட்டி மடங்காது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"யாரு தட்டினாலும் திறக்காத," என்று சொல்லிவிட்டு அவன் சலவை நிலையத்து வேலைக்குப் போய்விட்டான்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் இறந்த பிறகு, ஊரில் அவள் போய் நிற்க ஒரு வாசல்கூட இல்லை. அதைவிடப் பெரிய கவலை, மாவு டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்த காகிதம். முந்தாநாள் கதவில் யாரோ ஒட்டிவிட்டுப் போனது. பெரிய சிவப்பு எழுத்துகள். தான் எதற்கோ தலையாட்டிய வினைதான் இப்படி வந்திருக்கிறது என்று பயந்து, யார் கண்ணிலும் படுவதற்குள் பிய்த்து ஒளித்துவிட்டாள்.

ஒன்பது மணிக்குக் கதவு தடதடவென்று அதிர்ந்தது. ஆண் குரல்கள்... அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மறுபடி தட்டினார்கள், ஏதோ கூவினார்கள், போய்விட்டார்கள்.

மெல்லப் போய்க் கதவுத் துளையில் கண்ணை வைத்தாள். எதிர்வீட்டுக்காரி தன் கதவிடுக்கில் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். மூக்கைத் துணியால் கட்டியிருந்தாள். ஒட்டி முடித்ததும் கிளிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். கிளியைக்கூட விட்டுவைக்காமல் கொண்டுபோகிறாளா!

அப்போதுதான் அந்த வாடை வந்தது. கீழேயிருந்து, தொண்டையைச் சுரண்டும் மருந்து வாடை. கட்டிலில் மாமியார் இருமத் தொடங்கினாள். மருமகள் கணவனுக்குப் போன் போட்டாள். ஆறு தடவை. இயந்திர இரைச்சலில் அவன் எடுக்கவில்லை.

"அத்தை, எந்திரிங்க... போயிரலாம்!"

"எங்கடி?"

"தெரியலை அத்தை! ஏதோ ஆபத்து..."

பேசிப் புரியவைக்க நேரமில்லை. கிழவியை இழுத்து முதுகில் போட்டுக்கொண்டாள். நான்கு மாடி இறங்க வேண்டும். "ஐயோ, காலையில நான் சொன்னதுக்கு என்னை வெளிய தள்ளுறாளே!" என்று மாமியார் காதருகே அலறி, தோளில் குத்தினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் புகை கண்ணை மறைத்தது. கால் பிசகியது, கணுக்காலில் உயிர் போகிற வலி. பிடியை மட்டும் அவள் விடவில்லை.

முற்றத்தில் கட்டடத்து ஜனமே நின்றிருந்தது. ஆறு அழைப்புகளைப் பார்த்துப் பதறி ஓடிவந்த கணவனும் அதே நேரம் உள்ளே நுழைந்தான்.

"டேய், என்னைக் கொல்லப் பாத்தாடா!"

தரையில் மூச்சிரைக்கும் அம்மாவைப் பார்த்ததும் அவன் கை ஓங்கியது. எதிர்வீட்டுக்காரி குறுக்கே வந்து படபடவென்று ஏதோ பேசினாள், மேலே கைகாட்டினாள். இவளும் என்மேல் புகார் சொல்கிறாளா என்று மருமகள் பயந்தாள். கேட்கக் கேட்க அவன் முகம் வெளிறியது. ஓங்கிய கை தானாகத் தாழ்ந்தது.

"பூச்சிக்கு மருந்துப்புகை அடிக்கிறாங்களாம்மா... யாரும் திறக்காததால நம்ம வீடு காலின்னு நெனச்சிட்டாங்களாம். கதவிடுக்கு வழியா உள்ளே விட இருந்தாங்களாம்! முந்தாநாளே எல்லாக் கதவிலயும் பேப்பர் ஒட்டினாங்களாமே, போற அவசரத்துல நான் கவனிக்கல..." அவன் மனைவி பக்கம் திரும்பினான். "நம்ம கதவுல ஒட்டலையா?"

இல்லை என்று தலையாட்டினால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? அவளுக்கு அது தோன்றாமலில்லை.

"ஒட்டினாங்க... நான்தான் பிச்சு ஒளிச்சு வெச்சேன்."

"ஏன்டி?" மாமியார் மெல்லக் கேட்டாள்.

"பயமா இருந்துச்சு அத்தை... நான் எது செஞ்சாலும் தப்பாப் போகுது. உங்ககிட்ட காட்டினா ஊருக்கு அனுப்பிருவீங்கன்னு..." அவள் தேம்பினாள். "அனுப்பிருங்க... தப்பு என் மேலதான்."

கணவன் தலை குனிந்தது. "உன் மேல இல்ல. தட்டினா திறக்காதன்னு சொன்னவன் நான். ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தராதவனும் நான்..."

எதிர்வீட்டுக்காரி எங்கிருந்தோ ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து மாமியார் பக்கத்தில் விரித்துப் போட்டாள். கிழவி மகனின் தோளைப் பிடித்து எழுந்தாள். ஆனால் உட்காரவில்லை. வீங்கிப்போன அந்தக் கணுக்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மருமகளின் கையைப் பற்றி இழுத்தாள்.

"உக்காருடி."

"அத்தை, உங்களுக்கு முட்டி..."

"நாலு மாடி உன் முதுகுல உக்காந்துதானே வந்தேன்? போதும். உக்காரு, என் கண்ணு!" என்று உடைந்த குரலில் சொல்லி, அவளை நாற்காலியில் இருத்தி, தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.