புல்டோசருக்கு ஒரு வீடு

புல்டோசர் மறுபடியும் காற்றுக் குழாயைப் பிடுங்கிப் போட்டிருந்தது.

புல்டோசர் என்பது ஒரு மீன். சக்கர் மீன் என்பார்கள். முரட்டுத் தோல், அடியில் உறிஞ்சும் வாய். தொட்டியில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும். ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் சேக் முகைதீன், மகள் சப்ரீனுக்கு அதைக் கொடுத்தபோது அது சுண்டுவிரல் நீளம்தான். இப்போது அவள் முழங்கை நீளம்.

"இனி இது வீட்டுக்கு ஆகாதும்மா" என்றார் அத்தா, ஈரத் தரையைத் துடைத்தபடி. "தொட்டியில விரிசல் விட்டுருச்சு. கடையிலயும் இடமில்ல. இம்புட்டுப் பெருச யாரு வாங்குவா?"

"மலை ஓடையில விட்டுருவோம் அத்தா" என்றான் அண்ணன் ஆசிக். "வாயில்லாச் சீவனுக்கு விடுதலை குடுத்தா நன்மைதான?"

சப்ரீனுக்கு அதைப் பிரிய மனமில்லை. ஆனாலும் அது நல்ல காரியமாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தாவின் லோடு ஆட்டோ அவர்கள் ஊரான மம்சாபுரத்திலிருந்து கிளம்பியபோது, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் தெருப்பிள்ளைகள் அதில் ஏறிக்கொண்டார்கள். சப்ரீனோடு படிக்கும் காளீஸ்வரி ஒரு பை நிறையப் பொரி கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டு வினோத் கழுத்தில் விசில்.

"விடும்போது ஊதணும்ல" என்றான்.

கோடை என்பதால் ஓடையில் நீரோட்டம் இல்லை. பாறைகளுக்கு நடுவே ஒரே ஒரு கசம் மட்டும் மிஞ்சியிருந்தது. தண்ணீர் வற்றாத அந்தப் பள்ளத்தில்தான், மழை வரும்வரை ஓடையின் மீன்களெல்லாம் ஒண்டிக்கிடக்கும்.

காளீஸ்வரி ஒரு கை பொரியை வீசினாள். தண்ணீர் துள்ளியது. விலாவில் சிவப்புக் கோடு போட்ட கெண்டைகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடந்த மீன் ஒன்று திடீரென்று நகர்ந்தது. மணலுக்குள்ளிருந்து அயிரைகள் மீசையை நீட்டின.

"ஏட்டி, அந்த மஞ்ச மீனு மட்டும் ஏன் வரல?" என்றாள் காளீஸ்வரி.

மஞ்சள் உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்த மீன் அது. ஒரு கல்லின் முன்னால் நின்றுகொண்டு துடுப்பை விசிறிபோல் ஆட்டிக்கொண்டிருந்தது.

சப்ரீன் பாறைமேல் குப்புறப் படுத்துப் பார்த்தாள். கல்மேல் கடுகளவு முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. மூக்கருகே பொரி மிதந்தும் மஞ்சள்பொட்டு அசையவில்லை. அது காவலுக்கு நின்றது.

சப்ரீனுக்கு ஏஞ்சல் மீனின் ஞாபகம் வந்தது. போன மாதம் கடைத் தொட்டியில் ஏஞ்சல் மீன் முட்டையிட்டிருந்தது. பாசி எடுக்கட்டும் என்று அத்தா புல்டோசரை ஒரு ராத்திரி அதில் விட்டார். காலையில் பாசியும் இல்லை, முட்டையும் இல்லை. புல்டோசரின் வயிறு மட்டும் பெருத்திருந்தது.

"எல்லாரும் தள்ளுங்க!" ஆசிக் வாளியைச் சாய்த்தான். வினோத் விசிலை வாயில் வைத்தான்.

"விடாத!"

சப்ரீன் பாய்ந்து வாளியைப் பிடித்தாள். பாதித் தண்ணீர் ஆசிக்கின் சட்டையில். மீன் மட்டும் வாளியிலேயே இருந்தது.

"கிறுக்காட்டி உனக்கு?"

"அங்க முட்டை இருக்குண்ணே. இது அம்புட்டையும் வழிச்சுத் தின்னுரும். ஏஞ்சலோட முட்டை என்னாச்சு?"

"ஒத்த மீனு! எம்புட்டுப் பெரிய மலை இது!"

"மலை பெருசுதான். கசம் நம்ம வீட்டு முற்றம் அம்புட்டுத்தான இருக்கு? எல்லா மீனும் இதுக்குள்ளதான் இருக்கு." சப்ரீனுக்கு மூச்சு வாங்கியது. "புல்டோசர் மாதிரி மீனு அத்தா கடைக்குக் கவர்ல வருது. இதுக எந்தக் கவர்ல வரும்?"

அத்தாவும் குனிந்து அந்தக் கல்லைப் பார்த்தார்.

"இது எனக்குல்ல முதல்ல தோணியிருக்கணும்" என்றார். "சரி, இத இப்ப என்ன செய்ய? வீட்டுக்குக் கொண்டுபோனா உங்கம்மா என்னைய ஓடையில விட்டுருவா."

"எங்க தோட்டத்துக் கிணத்துல விடுவோமா?" என்றாள் காளீஸ்வரி.

"மழையில உங்க கிணறு ரொம்பி வழிஞ்சா ஓடைக்குத்தானட்டி வரும்?" என்றாள் சப்ரீன்.

வாளியைக் கட்டிப்பிடித்தபடி சப்ரீன் ஆட்டோவில் உட்கார்ந்தாள். ஊதாத விசிலோடு வினோத் சோகமாக வந்தான்.

பள்ளிவாசலைத் தாண்டும்போது, அங்கே பாங்கு சொல்லும் மோதினார் மாமாவின் சத்தம் கேட்டது. "நேத்துத்தான தேய்ச்சேன்! அதுக்குள்ளயா?"

தொழுகைக்கு முன் கைகால் கழுவும் சிமென்ட் தொட்டியான ஹவுளின் படியில் உட்கார்ந்து, அவர் தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் இரண்டு பெரிய மீன்கள் அசையாமல் கிடந்தன. போன வாரம்தான் அங்கே ஒருவர் வழுக்கி விழுந்திருந்தார்.

"அத்தா, நிறுத்துங்க!"

சப்ரீன் வாளியோடு இறங்கி ஓடினாள். "மாமா, இந்தத் தண்ணி எங்க போவும்?"

"எங்கயும் போவாது. இறைச்சுத் தென்னைக்கு ஊத்துவேன். ஏம்மா?"

"இதுல இருக்க மீனுக முட்டை போடுமா?"

"ரெண்டும் கிழடு. தின்னுட்டுத் தூங்குதுக." மோதினார் வாளிக்குள் எட்டிப் பார்த்துத் துள்ளி எழுந்தார். "யா அல்லா! இது மீனா முதலையா?"

"உங்களுக்கு வேலையாள் கொண்டுவந்திருக்கேன் மாமா."

அத்தா விளக்கினார். மோதினார் தலையைச் சொறிந்தார். பிறகு கையிலிருந்த நாரைத் தூரப் போட்டார். "பள்ளிவாசல் தலைவர்ட்ட நான் சொல்லிக்கிறேன். விடும்மா!"

புல்டோசர் ஹவுளுக்குள் வழுக்கி இறங்கியது. சற்று நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு சுவரில் வாயை ஒட்டிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. அது போன தடத்தில் பச்சைப் பாசிக்கு நடுவே வெள்ளைச் சிமென்ட் கோடாகத் தெரிந்தது.

"அடேயப்பா!" என்றார் மோதினார்.

வினோத் ஒருவழியாக விசிலை ஊதினான்.

அதற்குப் பிறகு ஹவுளில் யாரும் வழுக்கி விழவில்லை. அத்தாவின் கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'வளர்க்க முடியாத மீனை ஓடையில் விடாதீர்கள். இங்கே கொடுங்கள்.' ராஜபாளையத்திலிருந்து ஒருவர் கண்மாயில் விடவிருந்த மீனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பலகையில் இருந்த எழுத்து ஆசிக்குடையது. யோசனையும் தன்னுடையதுதான் என்று அவன் சொல்லிக்கொண்டு திரிந்தான். போகட்டும் என்று சப்ரீன் விட்டுவிட்டாள்.

கோடை மழை பெய்த மறுநாள் எல்லோரும் கசத்துக்குப் போனார்கள். பாறை இடுக்கில் தண்ணீர் சலசலத்தது. காளீஸ்வரி பொரியை வீசினாள்.

கெண்டைகள் வந்தன. அயிரைகள் வந்தன. இந்தத் தடவை மஞ்சள்பொட்டும் வந்தது. அதன் பின்னால், தண்ணீரில் புகை கிளம்பியதுபோல், அதன் குஞ்சுகள் அத்தனையும் வந்தன.