கதவைத் திறந்தால் கண்ணாடி இறங்கும்

பெரியப்பாவின் சிவப்புக் காருக்கு இரண்டே கதவுகள். பந்தயக் கார் மாதிரி தாழ்வாக, நீளமாக இருக்கும். வாலிப வயதில் ஆசைப்பட்டு வாங்கினார். இப்போது அதில் குனிந்து ஏறினால் அவரால் நிமிர்ந்து இறங்க முடிவதில்லை. "நீயே வச்சுக்கோடா" என்று தம்பியிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். அந்தத் தம்பிதான் வக்கீலுக்கும் சுண்டுவுக்கும் அப்பா.

வக்கீல் நிஜ வக்கீல் இல்லை, ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். யார் எதைச் சொன்னாலும் "அதெப்படி?" என்று குறுக்குக் கேள்வி கேட்பதால் வீட்டில் வைத்த பெயர். சுண்டு அவளுடைய தம்பி. ஒன்றாம் வகுப்பு. ஆளும் சுண்டுவிரல் அளவுதான்.

அம்மா நர்ஸ். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்காகப் போயிருந்தாள். தினமும் போனில் பேசுவாள். ஆனாலும் சுண்டுவுக்குப் போதவில்லை. பேசி முடித்த பிறகும் போனைக் கொஞ்ச நேரம் கன்னத்திலேயே வைத்துக்கொண்டிருப்பான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மத்தியானம் ஓய்வு. அப்பா வேலை செய்யும் ரொட்டிக்கடைக்கும் அன்று விடுமுறை. காரில் போனால் பார்த்துவிட்டு வந்துவிடலாம். பஸ் என்றால் போகவே பாதி நாள் ஆகிவிடும்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மூடிய வண்டியில் உட்கார்ந்தால் சுண்டுவுக்கு வயிற்றைப் புரட்டும். முகத்தில் காற்று பட்டுக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது. அந்தக் காரிலோ பின்பக்கக் கண்ணாடிகள் திறக்கவே திறக்காது. முன்னால் அப்பா பக்கத்துக் கண்ணாடி இறங்கும். அந்தக் காற்று அப்பாவின் தலைமுடியைக் கலைத்ததோடு சரி. இடது பக்கத்துக் கண்ணாடி மட்டும் அசைய மாட்டேன் என்றது. ஸ்விட்ச்சை அழுத்தினால் ஒரு முனகல்கூட இல்லை.

ஒத்திகைக்காக ஊரை ஒரு சுற்று சுற்றினார்கள். சுண்டு அப்பாவின் புதுத் தொப்பியில் வாந்தி எடுத்தான்.

"தொப்பி போனா போகுதுடா" என்றார் அப்பா, தொப்பியைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு. நேராக மெக்கானிக்கிடம் போனார்கள்.

மெக்கானிக் கதவை அகலமாகத் திறந்துவைத்து, உள்பக்க அட்டையைக் கழற்றினார். வக்கீல் எட்டிப் பார்த்தாள். கதவுக்குள்ளே கைக்கு அடக்கமாக ஒரு மோட்டார். அதன் பக்கத்தில் ஒரு பற்சக்கரம். கத்தரிக்கோல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கம்பிகள். அவற்றின் மேலே கண்ணாடி.

"கண்ணாடி ஏறுறதுக்கு ஒண்ணு, இறங்குறதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு மோட்டார் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

"ஒண்ணுதான் பாப்பா. ஸ்விட்ச்சை இந்தப் பக்கம் அழுத்தினா கரண்ட் இப்படிப் போகும், மோட்டார் சுத்தும், கம்பி நிமிரும், கண்ணாடி ஏறும். அந்தப் பக்கம் அழுத்தினா கரண்ட் தலைகீழாப் போகும், மோட்டாரும் தலைகீழாச் சுத்தும், கண்ணாடி இறங்கும். அவ்வளவுதான் சங்கதி."

சொல்லிக்கொண்டே அழுத்திக் காட்டினார். ர்ர்ர் என்று கண்ணாடி இறங்கியது. ர்ர்ர் என்று ஏறியது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் மெக்கானிக்.

அப்பா அசடு வழிந்தார். அட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். தெருமுனை திரும்பியதும் சுண்டு ஸ்விட்ச்சை அழுத்தினான். கண்ணாடி அசையவில்லை.

திரும்பிப் போனார்கள். மெக்கானிக் கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே கையை நீட்டி அழுத்தினார். கண்ணாடி சமர்த்தாக இறங்கி ஏறியது. எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்விட்ச்சை மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் பழைய கதைதான்.

மறுநாளும் போனார்கள். மறுநாளும் அப்படியே.

"என்கிட்ட வந்தா ஒழுங்கா வேலை செய்யுது சார். உங்களைத்தான் அதுக்குப் பிடிக்கல போல" என்று மெக்கானிக் சிரித்தார்.

"எங்க அண்ணன் வண்டி இல்ல? அவரை மாதிரியேதான் இருக்கும். ஊருக்கு நல்லவரு, என்னைக் கண்டா மட்டும் முறுக்கு" என்றார் அப்பா.

சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. அப்பா சுண்டுவை மடியில் உட்காரவைத்துக்கொண்டார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவனுடைய சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"சுண்டு, நாளைக்கு நீ பக்கத்து வீட்டு அத்தைகூட இருக்கியா? மலைப்பாதை பூரா வளைவுடா. உன்னால முடியாது. அடுத்த தடவை கண்டிப்பாக் கூட்டிட்டுப் போறேன்."

சுண்டு அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. இறங்கி உள்ளே போய் ஒரு தீப்பெட்டியை எடுத்துவந்து அக்காவிடம் நீட்டினான். போன வாரம் விழுந்த பல் அதில் இருந்தது.

"அம்மாகிட்ட குடுத்துடு. கீழ்ப் பல்லுன்னு சொல்லு. ரத்தம் வந்துச்சு, ஆனா நான் அழலேன்னு சொல்லு."

வக்கீல் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டாள். தம்பியை விட்டுவிட்டுப் போய் அம்மாவிடம் என்னவென்று சொல்வது? இந்தப் பல்லைக் கொடுத்தால் அம்மா அங்கேயே அழுதுவிடுவாள்.

"அப்பா, கார் சாவி குடுங்க."

"எதுக்கு?"

"ஒரு சந்தேகம்."

"இஞ்சினைக் கிளப்பிடாத. சாவியை ஒரே ஒரு திருப்புத் திருப்பு, கண்ணாடிக்கு அது போதும்."

வாசலில் நின்ற காரில் ஏறி, சாவியைத் திருப்பிவிட்டு, இடது பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். ஸ்விட்ச்சை அழுத்தினாள். ஒன்றும் இல்லை.

'அதெப்படி?' என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அதே கார். அதே மோட்டார். புது ஸ்விட்ச். மெக்கானிக் அழுத்தினால் இறங்குகிறது, நாங்கள் அழுத்தினால் இறங்கவில்லை. அவர் விரலில் என்ன மந்திரமா இருக்கிறது? அவர் எப்படி அழுத்தினார்?

அவர் வெளியே நின்றுகொண்டு அழுத்தினார். நாங்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டு அழுத்துகிறோம். வெளியே நிற்க வேண்டுமென்றால்...

வக்கீல் கதவைத் தள்ளித் திறந்தாள். மறுபடி அழுத்தினாள்.

ர்ர்ர்.

கதவை மூடினாள், நின்றுபோனது. திறந்தாள், ர்ர்ர்.

"அப்பா, இங்க வாங்க. கதவு திறந்திருந்தா இறங்குது, மூடினா இறங்கல."

அப்பா ஓடி வந்தார். பின்னாலேயே சுண்டுவும் வந்தான். மூவரும் கதவின் விளிம்பில் குனிந்தார்கள். கதவு காரோடு சேரும் இடத்தில் கட்டை விரல் தடிமனில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருந்தது. மோட்டாருக்குப் போகும் ஒயர்கள் அதற்குள்ளேதான் போகின்றன. அப்பா அதை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"உள்ள ஒயர் ஒடஞ்சிருக்கு. இந்தக் கதவு வேற இவ்வளவு நீளம், இவ்வளவு கனம். இத்தனை வருஷமா மடங்கி நிமிர்ந்து, மடங்கி நிமிர்ந்து அத்துப்போச்சு. கதவைத் திறந்தா ரெண்டு முனையும் தொட்டுக்குது, மூடினா விலகிடுது."

உடனே மெக்கானிக்குக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு.

"ஒரு தடவைகூட நான் கதவை மூடிட்டுப் பார்க்கலையே சார். பாப்பாகிட்ட நான் தோத்துட்டேன்னு சொல்லுங்க. ஆனா இப்ப வெளியூர்ல இருக்கேன். திங்கக்கிழமை கொண்டாங்க, புது ஒயர் போட்டுடலாம்."

"திங்கக்கிழமையா?" அப்பாவின் முகம் தொங்கிப்போனது.

"திங்கக்கிழமை எதுக்குப்பா?" என்றாள் வக்கீல். "இப்பவே கதவைத் திறந்து, கண்ணாடியை இறக்கிட்டு, கதவை மூடிடலாம். அது பாட்டுக்கு இறங்கியே இருக்கும்ல? நமக்குக் காத்துதானே வேணும்?"

அப்பா வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மழை வந்தா?" என்றார்.

"ஓரமா நிறுத்தி, கதவைத் திறந்து, ஏத்திக்கலாம்."

"சுண்டுவை எங்க உட்கார வைக்கிறது?"

"முன்னாடி. நான் பின்னாடி உட்கார்ந்துக்கறேன்."

அந்தப் பின்சீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பைகளை வைக்கலாம். மனிதர்களுக்கென்று செய்தது மாதிரி தெரியாது. முழங்காலை மோவாய்க்கு முட்டுக் கொடுத்துத்தான் உட்கார வேண்டும். பரவாயில்லை என்று வக்கீல் முடிவு செய்துவிட்டாள். தீப்பெட்டியைத் தம்பியின் கையில் வைத்து அழுத்தினாள்.

"உன் பல்லை நீயே குடு. நான் என்ன தபால்காரியா?"

சுண்டு அப்போதுதான் அழுதான். அக்காவின் சட்டையில் மூக்கையும் துடைத்துக்கொண்டான்.

ஞாயிறு காலையில் கிளம்பினார்கள். சுண்டு பெல்ட் போட்டுக்கொண்டு முன்சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். காற்று அவன் முடியைச் சிலுப்பிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் அப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"ரோட்டைப் பாருங்கப்பா" என்றாள் வக்கீல் பின்னாலிருந்து. "அவன் நல்லா இருக்கான். என் கால்தான் மரத்துப்போச்சு."

மலை உச்சியில் தூறல் பிடித்துக்கொண்டது. அப்பா ஓரமாக நிறுத்தினார். சுண்டு கதவைத் திறந்தான், ஸ்விட்ச்சை அழுத்தினான், கண்ணாடி ஏறியது, கதவை மூடினான். கொஞ்ச தூரம் போனதும் தூறல் நின்றது. மறுபடி நிறுத்தி, திறந்து, இறக்கி, மூடினார்கள். வானம் விளையாட்டுக் காட்டியது. பின்னால் வந்த லாரிக்காரர் மூன்றாவது தடவை தானும் நிறுத்திவிட்டார்.

"என்ன சார், வண்டிக்கு மூச்சு முட்டுதா?" என்று விசாரித்தார்.

"தம்பிக்கு முட்டாம இருக்கத்தான்" என்றார் அப்பா.

மலை இறங்கி ஊருக்குள் நுழைந்தபோது சுண்டுவின் கன்னங்கள் சிவந்திருந்தன. வயிறு ஒரு தடவைகூடப் புரட்டவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா வெள்ளை உடுப்போடு நின்றுகொண்டிருந்தாள். யார் யார் வருகிறார்கள் என்று அப்பா அவளிடம் சொல்லவே இல்லை. கார் பக்கத்தில் வந்த பிறகுதான் முன்சீட்டில் தெரிந்த சின்ன முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் ஓடி வந்தாள்.

அப்பா சுண்டுவின் பெல்ட்டைக் கழற்றிவிட்டதுதான் தாமதம். கதவைத் திறக்கும் அளவுக்குக்கூட அம்மாவுக்குப் பொறுமை இல்லை. இறங்கியிருந்த கண்ணாடி வழியாக இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, சுண்டுவை அப்படியே வெளியே தூக்கிக்கொண்டாள். அவன் கால்கள் ஜன்னல் விளிம்பில் இடித்தன. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"என் பெரிய பொண்ணு எங்க?" என்றாள் அம்மா, அவன் தலைக்கு மேலாக.

"பின்னாடி இருக்கேன்மா. முன்சீட்டை மடக்கினாத்தான் நான் வெளிய வர முடியும்."

அம்மா கதவைத் திறந்து சீட்டை மடக்கினாள். ஆனால் வக்கீல் வெளியே வரும் வரை காத்திருக்கவில்லை. இடுப்பில் சுண்டுவோடு அவளே உள்ளே நுழைந்துவிட்டாள்.

"அப்போ நான்?" என்று அப்பா வெளியே நின்றபடி கேட்டார்.

சுண்டு தீப்பெட்டியைத் திறந்து அம்மாவிடம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பின்சீட்டில் மூன்று பேருக்கு இடமே கிடையாது. ஆனாலும் ஒருவரும் இறங்குவதாக இல்லை.