இடப்பக்கம் இழுத்த கார்

அன்று காரில் இருந்தவர்கள் மூன்று பேர். ஓட்டியவர் என் மருமகன் எழிலன். அவர் பக்கத்தில் மெக்கானிக் தைரியராஜ். பின்சீட்டில் சுப்பராயலு ஆகிய நான். மூவரும் நல்ல நினைவோடு இருந்தோம். நேரம் உச்சிப்பொழுது.

அது என் மகன் செம்பியனின் கார். மாசி மாதம், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும்போது, ஆலப்பாக்கம் தாண்டிச் சாலையின் இடப்பக்கக் குட்டையில் அவனோடு இறங்கியது. காரைத் தூக்கிச் சரிசெய்தோம். அவனை எரித்தோம். குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊர் பேசியது. எங்கள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களே பேசினார்கள். கோளாறு காரில்தான் என்று ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டால் அந்த வாய்கள் மூடும். எனக்கு வேண்டியது அது மட்டும்தான்.

கார் இடப்பக்கம் இழுத்தது. தைரியராஜ் திருப்பாதிரிப்புலியூரில் இரண்டு முறை வீல் அலைன்மெண்ட் செய்தும் இழுப்பு நிற்கவில்லை.

"மிஷின்ல எல்லாம் சரியா காட்டுதுங்க ஐயா."

"மிஷினா வண்டில ஏறி வரப்போவுது? இழுக்குதா இல்லியா, அதச் சொல்லு."

அன்று அதே சாலையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். வழியில் நிறுத்தி, முன்டயர்களை இடவலமாக மாற்றிப் போட்டான். கோளாறு டயரில் என்றால் இழுப்பும் பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. குட்டையைக் கடக்கும்போது எழிலன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்துப் பிடித்திருந்தார்.

சற்றுத் தள்ளி மறுபடி நிறுத்தினோம். பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தால் சக்கரம் சுடும் என்று தைரியராஜ் தொட்டுப் பார்த்தான். சட்டென்று கையை எடுத்தான்.

"சுடுதா?"

"ஐஸ் மாதிரி இருக்குதுங்க."

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "வண்டியத் திருப்புங்க. ஒண்ணு பாக்கணும்."

கடலூரைப் பார்த்துத் திரும்பினோம்.

கார் வலப்பக்கம் இழுத்தது.

தைரியராஜ் கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டான். "கோளாறுன்னா எப்பவும் ஒரே பக்கந்தான் இழுக்கும். ரோட்டுச் சரிவுன்னாலும் எடப்பக்கந்தான். இது அந்தக் குட்டையப் பாத்து இழுக்குதுங்க ஐயா."

கண்ணாடிகள் மூடியிருந்தன. உள்ளே சேற்று நாற்றம் ஏறியது.

"பிரேக்க மிதிங்க மாப்ள."

"மிதிச்சிக்கினுதான் இருக்கேன் மாமா."

கார் சாலையைக் குறுக்கே கடந்து மண்ணில் இறங்கியது. முன்கண்ணாடி முழுக்கத் தண்ணீர் தெரிந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"ஒருத்தன முழுங்கினது பத்தலியா ஒனக்கு?" என்று குட்டையைப் பார்த்துக் கத்தினேன்.

ஸ்டீயரிங் வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பியது. கார் கரை விளிம்பில் நின்றது.

"நல்லா ஒடிச்சீங்க மாப்ள."

"நா இல்ல மாமா."

எழிலன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்தார்.

யாரும் தொடாத ஸ்டீயரிங் இடப்பக்கம் திரும்பியபடியே நின்றது. எதனோடோ மல்லுக்கட்டும் கை நடுங்குமே, அப்படி நடுங்கியது. எஞ்சினை அணைத்து மூவரும் இறங்கியும் அடங்கவில்லை.

"செம்பியா" என்றேன். "வுட்றா. நாங்க எறங்கிட்டம்."

விடவில்லை.

கார் இப்போது எங்கள் ஷெட்டில் நிற்கிறது. ஸ்டீயரிங் இன்னும் நடுங்குகிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து கைவைத்துப் பார்க்கலாம்.

ஊர் சொல்வது பொய். என் மகன் குடித்திருக்கவில்லை.