கடைசிச் சக்கரத்தில் காற்று

வாத்தியார் 'அமுக்கு' என்று சொல்ல வாயெடுப்பதற்குள், 'அமுக்கியாச்சு' என்று டிரைவர் சீட்டிலிருந்து பதில் வந்துவிட்டது.

காரின் பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் சாக்கை விரித்து ஒருக்களித்துப் படுத்திருந்தார் அவர். ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் பாட்டில். அவசரக்குடுக்கை, வேறென்ன, என்று மகளை மனதுக்குள் செல்லமாகத் திட்டிக்கொண்டார். பத்தொன்பது வயதில் எல்லாவற்றுக்கும் அவசரம்தான்.

"நான் சொன்ன பிறகு அமுக்கும்மா."

"நீ சொன்னியேப்பா," என்றாள் அவள்.

சொன்னோமா? சொல்லியிருக்கலாம். வெளியே மத்தியானத்திலிருந்து விடாமல் மழை. ஷெட்டின் தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தத்தில் தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்கவில்லை. சாரல் உள்ளே அடிக்கிறதென்று ஷட்டரை முழுக்க இறக்கியிருந்ததால் ஆயில் நெடியும் பழைய ரப்பர் வாசனையும் போக வழியில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன.

பிரேக் ஆயில் லைனில் காற்று தங்கிவிட்டால் மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. அந்தக் காற்றை எடுப்பது இரண்டு ஆள் வேலை. சீட்டில் இருப்பவர் பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். கீழே இருப்பவர் சக்கரத்துக்குப் பின்னாலுள்ள நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்தால், பழைய ஆயில் காற்றுக் குமிழிகளோடு டியூப் வழியாக பாட்டிலில் இறங்கும். நிப்பிளை மூடியபின் 'விடு' என்று குரல் கொடுத்தால்தான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். ஊரெல்லாம் 'விடு' என்றுதான் சொல்வார்கள். வாத்தியார் மட்டும் இன்று அதை 'எடு' என்று மாற்றியிருந்தார். ஏன் என்று மகள் கேட்டபோது ஸ்பேனரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

கார் அவருடைய தம்பியுடையது. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் பதுங்கிய சிவப்பு உடம்பு, காலை வைத்தால் பாய்கிற வண்டி. தம்பிக்கு வீட்டில் வைத்த பேர் புயல். அந்தப் பேரும் அந்த வண்டியும் சேர்ந்துதான் அவனைக் கொண்டுபோயின என்று எல்லோரும் நம்பினார்கள். மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் அவன் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. இன்ஸ்பெக்டர் வந்து கேட்டபோது, "பிரேக் நல்லாத்தான் இருந்துது, அவன் வேகம் அப்படி" என்று சொன்னவர் வாத்தியார்தான்.

நெளிந்துபோன முன்பக்கத்தைத் தட்டி எடுத்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். விற்கவும் மனம் வரவில்லை, தொடவும் மனம் வரவில்லை. இப்போது மகளுக்கு மலைக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. சித்தப்பா வண்டியில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நாளைக் காலையில் அதே பாதை, அதே வளைவு. இந்த முறை லைனில் ஒரு குமிழி மிச்சம் இருக்கக் கூடாது. ஒன்றுகூட.

"காத்து எடுக்கப் போறீங்களா, இல்ல காத்து கருப்ப ஓட்டப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் மனைவி குடையோடு கிளம்பிப் போயிருந்தாள். அவளுக்கு இந்த வண்டியைக் கண்டாலே ஆகாது.

பின்னால் இரண்டும், முன்னால் இடதும் சொன்னபடி கேட்டன. கறுத்த ஆயில் போய், தேன் நிறத்தில் புது ஆயில் ஒரு குமிழியும் இல்லாமல் வந்தது. ஒவ்வொன்றாகச் சக்கரங்களை மாட்டினார். கடைசியாக டிரைவர் பக்கத்து முன் சக்கரம். அங்கேதான் தகராறு ஆரம்பித்தது.

குமிழி நிற்கவில்லை. பத்துத் தடவை, பதினைந்து தடவை. ஆயில் தொட்டியில் மூன்று முறை ஊற்றி நிரப்பியாகிவிட்டது. டியூபில் ஒரு குமிழி ஏறும், கொஞ்சம் இடைவெளி விடும், அடுத்தது ஏறும். கணக்கு வாத்தியார் அல்லவா, தன்னையறியாமல் எண்ணினார். இடைவெளி மாறவே இல்லை. தூங்குகிறவன் மூச்சு விடுவதுபோல ஒரே சீராக இருந்தது அது.

அப்புறம் அந்த வாசனை. பாட்டிலில் குமிழி உடைகிறபோதெல்லாம் லேசாக, காரமாக, மூக்கின் நுனியில். ஆயிலில் அப்படி ஒரு வாசனை வராது. மூடியைத் திறந்து முகர்ந்தார்.

கிராம்பு.

சிகரெட்டை விட்டபிறகு தம்பியின் வாயில் எந்நேரமும் கிராம்புதான் இருக்கும். அவன் பேசினாலே அந்த வாசனை அடிக்கும். வாத்தியார் பாட்டிலைக் கீழே வைத்தார். வயிற்றில் ஒன்றுமில்லை, அதனால்தான் இல்லாத வாசனையெல்லாம் வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வயிறு. அன்றைக்கும் அதுதான் காரணம். இதே ஷெட், இதே சக்கரம். சீட்டில் தம்பி. "பெடல் மெத்துமெத்துன்னு இருக்குண்ணா. இன்னொரு தடவை பாத்துடலாமா?" என்று கேட்டான். நல்ல பசி. உள்ளே சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையிடமும் விடையைச் சரிபார், சரிபார் என்று தொண்டை வறளக் கத்துகிற மனிதர், "விடு, போதும்" என்றார். "சரிண்ணா" என்றான் அவன். அண்ணன் சொன்னால் அவனுக்கு அதற்குமேல் பேச்சு கிடையாது. இதை வாத்தியார் யாரிடமும் சொன்னதில்லை. ராத்திரிகளில் தலையணையிடம்கூடச் சொன்னதில்லை.

"அப்பா."

"என்னம்மா?"

"நீ சொல்லாமலே பெடல் கீழ போகுது. நான் அமுக்கவே இல்ல. கால சும்மாதான் வச்சிருக்கேன்."

"காத்து இருந்தா அப்படித்தான் இறங்கும்," என்றார். அப்படி இறங்காது என்று அவருக்குத் தெரியும்.

"அப்ப 'அமுக்கியாச்சு'ன்னு யாருப்பா சொல்றது? நீதான் கீழேர்ந்து சொல்றேன்னு நெனச்சேன்."

மழை சட்டென்று நின்றது. தகரத்தின் விளிம்பிலிருந்து சொட்டுகிற சத்தம். டியூபில் ஒரு குமிழி. சொட்டு. இன்னொரு குமிழி.

"இறங்கி வா," என்றார்.

"முடியலப்பா."

"கதவுதான் தெறந்திருக்கே. இறங்கும்மா."

"கால எடுக்க முடியல." அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டிருந்தது. "மேல... மேல யாரோ கால வச்சிருக்காங்கப்பா."

எழுந்தார். முழங்கால் பாட்டிலில் இடித்து, ஆயில் தரையெங்கும் ஓடியது. ஷெட் முழுக்கக் கிராம்பு. திறந்த கதவின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். மகளின் வெறுங்கால் பெடல்மேல் இருந்தது. அதன்மேல் ஒன்றும் இல்லை. ஆனால் அவளுடைய ஐந்து விரல்களும் வெளுத்து நசுங்கியிருந்தன.

காதுக்குப் பக்கத்தில், மிக மரியாதையாக, எப்போதும்போல:

"மெத்துமெத்துன்னு இருக்குண்ணா. இன்னொரு தடவை பாத்துடலாமா?"

இந்த ஒரு கேள்விக்கான பதிலை இரண்டு வருடமாக அவர் நாக்கின் நுனியில் வைத்திருந்தார். பாத்துடலாம்டா. எத்தனை தடவை வேணாலும் பாத்துடலாம். ஆயிரம் முறை சொல்லிப் பார்த்த பதில்.

மகள் வலியில் அலறினாள்.

"விடு!" என்று கத்தினார் வாத்தியார். "அவள விடுடா!"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

அலறல் நின்றது. மகள் மெல்லத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவள் தாடை எதையோ மென்றுகொண்டிருந்தது.

"சரிண்ணா," என்றாள்.

கதவு அவர் விரல்களை உரசிக்கொண்டு சாத்திக்கொண்டது. பிடித்து இழுத்தார். அசையவில்லை. சாவி அவருடைய சட்டைப்பையில். முன்பக்கம் இன்னும் ஒரு சக்கரமில்லாமல், தூக்கி நிறுத்திய ஸ்டாண்டின்மேல். வண்டி எங்கேயும் போகாது. எங்கேயும் போகாது.

அவள் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தாள். கண்ணாடிக்கு முன்னால் சுவர். வெறும் சுவர். அதைத் தாண்டி எதையோ பார்த்தாள். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் வளைத்தாள். வலப்பக்கம் வளைத்தாள்.

ஒரு வளைவு. இரண்டாவது வளைவு.

"குட்டி! அப்பாவப் பாரு! குட்டி!"

ஷட்டர் தரை வரை இறங்கியிருந்தது. காரின் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றப்பட்டிருந்தன. மூலையில் ஒட்டடைகூட அசையவில்லை.

உள்ளே மகளின் கூந்தல் எதிர்க்காற்றில் பின்னால் பறந்துகொண்டிருந்தது. அவள் கால் பெடலை மிதித்தது. மறுபடி மிதித்தது. மறுபடி.

"தரை வரைக்கும் போகுதுண்ணா," என்றாள்.